இரண்டு நிமிடம்

தினமும் ஓடுமா என்று கேட்கிறார்கள்
கோட்கா துறைமுக வாசலில்,
நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள்.

ஓடும்.
எண்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்,
கிரேன் வேலைக்கும் வீட்டுக்கும்,
நடுவில் ரை ரொட்டி வாங்கவும்.
ஒரே ஒருமுறை பாலத்தில், மழையில்,
ரப்பர் குழாய் கவ்வியை விட்டு நழுவி
டர்போ வெறும் பெருமூச்சானது.
லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக
ஊர்ந்து வந்தேன்.

கேட்டவுடன் தராது.
திருகினால் அரை நொடி யோசிக்கும்,
பிறகு கேட்டதைப்போல் இரு மடங்கு.
ஈரத் தண்டவாளம் குறுக்கிடும் வளைவில்
அந்தத் தாராளம் எனக்கு வேண்டாம்.
முன்கூட்டியே கேட்கப் பழகினேன், கொஞ்சமாக.

மூவாயிரத்துக்கு ஒருதரம் எண்ணெய்.
பல்வலியைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்,
இதை இல்லை.

வீடு வந்ததும் அணைக்கக் கூடாது.
உள்ளே அந்தச் சின்னச் சக்கரம்
இன்னும் தணலாய்ச் சுழலும்.
எண்ணெய் ஓடட்டும், ஆறட்டும்.
இரண்டு நிமிடம். காலை ஆறே கால்.
மூன்றாம் மாடி லௌக்கனென்
ஜன்னலை அறைந்து சாத்துவார்,
பதினோரு வருடமாக.

நேற்று சாத்தவில்லை.
திரை மட்டும் வெளியே வந்து ஆடியது.
மூன்று நிமிடமாயிற்று, நான்காயிற்று.
வண்டியை ஓடவிட்டபடியே
படியேறினேன்.