ஏககாலத்தில்

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் தட்டச்சர் நான்.
காதில் விழுவது விரலில் இறங்கும், அவ்வளவுதான் வேலை.
இதை மட்டும் யாரும் சொல்லாமல் அடிக்கிறேன்,
மதியச் சாப்பாட்டுக்குப் பின், அறையில் ஆள் இல்லாதபோது.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்து.
நகராட்சித் தண்ணீர் விடியற்காலை ஐந்துக்கு வரும்.
அன்றைக்கு வந்தது நேரே தெருவுக்குப் போனது.
மூன்று வீட்டு வாசலில் குழாய் இருந்தது,
குழாய்க்கு வாய் இல்லை.
பித்தளைத் திருகு ஒன்றுக்கு இருநூற்றிருபது ரூபாய் என்று
மகஜரில் மதிப்புப் போட்டார்கள்.
ஓடிப்போன தண்ணீருக்கு யாரும் விலை போடவில்லை.

விருத்தகிரி. வயது இருபத்தாறு.
துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை.
மீன்பிடித் தடைக்காலம், ஐஸும் இல்லை, வேலையும் இல்லை.
பழைய இரும்புக் கடையில்
மூன்றையும் நூற்றைம்பதுக்குப் போட்டான்.
எடைக்கு வாங்கியதால் கடைக்காரர் எண்ணவில்லை.
போலீஸ் எண்ணியது:
மூன்று வீடு, மூன்று புகார், மூன்று வழக்கு.

ஒரே இரவு. ஒரே ஸ்பேனர்.
அதை மூன்றாக வெட்ட முடியாததால்
முதல் கட்டில் வைத்துவிட்டு
மற்ற இரண்டிலும் 'மேற்படி' என்று எழுதினார்கள்.

செய்தாயா என்று கேட்டதற்கு ஆமாம் என்றான்.
மூன்று தடவையும் அதே ஆமாம்,
கடைசித் தடவை கொஞ்சம் சலிப்போடு,
முன்னமே சொன்னேனே என்பதுபோல.
வழக்குக்கு இரண்டு வருஷம்.
முதல் தீர்ப்பை முழுதாக அடித்தேன்,
அடுத்த இரண்டுக்கும் எண்ணும் வாதியின் பெயரும் மாற்றினேன்.

ஒரு சொல் அதில் இல்லை.
அய்யா சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
சொல்லாமல் விட்டால்
ஒன்று முடிந்தபின்தான் ஒன்று, அது சட்டம்.
மௌனத்தின் எடை நாலு வருஷம்
என்று எனக்குத் தெரியும்.
ஐந்தே முக்காலுக்கு நெல்லிக்குப்பம் பஸ்.
ஓடிப்போய் ஏறினேன். உட்கார இடம்கூடக் கிடைத்தது.

அவனைக் கேப்பர் மலைக்கு ஏற்றிப் போனார்கள்.
திருகுகளை உரியவர்களுக்குத் திருப்பினோம்.
இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்.
மூன்றாவது வீட்டு வேதாம்பாள்
'பிளாஸ்டிக் மாட்டியாச்சு' என்றார்.
'மொத்தம் ஆறு வருஷமா? இதுக்கா?'
மேசையிலேயே விட்டுப் போனார்.
சொத்து அறையில் இன்னும் கிடக்கிறது,
கழுத்தில் அட்டையோடு, பச்சை பூத்து.

இலவச சட்ட உதவி வக்கீல் பாடலேஸ்வரி
சிறைக்குப் போன நாளில் அவனிடம் கேட்டாராம்,
எப்போது விடுதலை என்று.
'ரெண்டு முடியப் போவுதும்மா,
நாளைக்கோ நாளன்னிக்கோ.'
துணிப்பை ஒன்று மடித்துத் தயாராக வைத்திருந்தான்.
யாரும் அவனுக்குக் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

நகல் மனு மூன்று. முத்திரை மூன்று.
பிறகு சென்னை.
பட்டியலில் ஏறி, இறங்கி, ஏறி
ஏழு மாதம் கழித்து நாலு பக்கம் வந்தது.
திருட்டு திருட்டுதான் என்று ஒரு பத்தி.
குற்றத்தின் அளவைத் தண்டனை தாண்டக்கூடாது என்று ஒன்று.
கடைசியில்,
மூன்று தண்டனைகளையும் ஏககாலத்தில்
அனுபவித்ததாகக் கொண்டு உடனே விடுவிக்கவும்.

ஏககாலத்தில்.
எண்ணிப் பார்த்தேன், ஏழு எழுத்து.
அவன் கூடுதலாக இருந்ததும் ஏழு மாதம்.
கணக்கு இப்படிப் பொருந்துவது எனக்குப் பிடிக்கவில்லை.
குழாய்த் திருகைத் திருப்பித்தர ஒரு படிவம் உண்டு.
மாதங்களுக்கு
அலமாரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

இன்று காலை ஒரு சைக்கிள் வழக்கு.
ஓராண்டு என்று சொல்லி அய்யா அடுத்த கட்டை எடுத்தார்.
விரலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.
'ஏககாலத்திலா, அய்யா?'
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
'இவனுக்கு ஒரு கேஸ்தானே?'
'பண்ருட்டியில் ஒன்று இருக்கிறது, அய்யா.
போன மாதம் தண்டனை ஆகியிருக்கிறது.
அதுவும் சைக்கிள்தான்.'