பதினான்கு இஞ்ச்

ரெண்டு அச்சோடுதான் வாங்கினேன்.
பேட்டை பட்டறையில் மைதீன் பிச்சை
சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சொன்னார்:
பாரம் சலம்பாது வே,
ஒரு டயர் வெடிச்சாலும் மூணு நிக்கும்.

மூன்றரை டன் மினி ஹிட்டாச்சியை ஏற்றிக்கொண்டு
டிராக்டருக்குப் பின்னால்
தாழையூத்து வரைக்கும் நூல் பிடித்தாற்போல் வந்தது.

மேலப்பாளையத்தில் வேறு கணக்கு.
முக்கில் ஒன்பதடி,
அதிலும் ஓடை மூடி ஓரடியைத் தின்றிருந்தது.
செயின் உருண்டால் பேவர் கல் பெயரும்,
வண்டியிலேயே வாசல் வரை கொண்டாரும் என்றார்கள்
செப்டிக் டேங்க் தோண்டக் கூப்பிட்டவர்கள்.
கொண்டுபோனேன்.
முன் அச்சு திரும்பப் பார்த்தது,
பின் அச்சுக்கு அதில் சம்மதமில்லை.
நாலு டயரும் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே
ரப்பர் நாற்றத்தோடு முக்கைக் கடந்தன.
பதினோரு பேவர் கல் எழுந்து நின்றது.
மீராள் பீவி வீட்டு வாசல்படியின் மூக்கு போனது.
அன்றைய வாடகை
சிமெண்டுக்கும் கொத்தனாருக்கும் சரியாக இருந்தது.

ஒரே அச்சு போதும் என்றேன்.
மைதீன் பிச்சை வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தவணை தவறியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
சரி, அஞ்சு டன் அச்சு.
பட்டை ஏழுக்குப் பதிலாகப் பதினொன்று.
டயர், லாரிக்குப் போடுவது.
எங்கன வைக்க?

அதில்தான் ஒரு வாரம் போனது.

பின்னால் தள்ளி வைத்தால் கொக்கியில் கனம் இறங்கும்,
வண்டி நேரே போகும்,
முக்கில் உள்பக்கத்து வீட்டைக் கடிக்கும்.
முன்னால் வைத்தால் சட்டென்று திரும்பும்,
வால் வீசி எதிர்வீட்டை அடிக்கும்.
எந்த வீடு என்பதுதான் கேள்வி.
யாரையும் இடிக்காத இடம் என்று
எந்தச் சட்டத்திலும் ஓட்டை போட்டு வைக்கவில்லை.

டவுணில் தேர் திரும்ப
நாலு ரத வீதியையும் அகலமாக விட்டிருக்கிறார்கள்.
என் வண்டியை எந்த ராசாவும் நினைத்துப் பார்த்ததில்லை.

பட்டறைத் தரையில் சாக்பீஸால் தெருவை வரைந்தேன்.
வாசல்படிக்கு டீ கிளாஸ்கள்.
அட்டையில் வெட்டிய வண்டி,
அச்சுக்கு ஒரு குச்சி, கொக்கிக்கு ஒரு ஆணி.
குச்சியைப் பத்து இஞ்ச் கணக்கில் நகர்த்தினோம்,
மீராள் பீவி கிளாஸ் விழுந்தது.
பதினெட்டில் எதிர் கிளாஸ் விழுந்தது.
பதினான்கில் படி தப்பியது,
வால் மட்டும் எதிர் கிளாஸை லேசாகத் தொட்டது.
டீ பாதி சிந்தியது.

ஹிட்டாச்சி ஓட்டும் சொரிமுத்து
அதுவரை பீடியைத் தவிர எதற்கும் வாய் திறக்காதவன்,
கத்தரியை எடுத்து
அட்டையின் பின்மூலை இரண்டையும் நறுக்கினான்.
மூலைல யாரு சாமான் வைக்கா, என்றான்.

இரும்பிலும் அப்படியே வெட்டினோம்.

கங்கைகொண்டான் பக்கம் நாலுவழிச் சாலையில்
முதல் ஓட்டத்திலேயே வால் ஆடியது.
கொக்கியில் கனமில்லை.
ஓரமாக நிறுத்தி
ஹிட்டாச்சியை ஓரடி முன்னே ஏற்றி
பக்கெட்டை டிராக்டர் பக்கம் மடக்கி வைத்தான் சொரிமுத்து.
அடங்கியது.
செயின் நிற்க வேண்டிய இடத்தில்
மஞ்சள் பெயின்டில் கோடு போட்டிருக்கிறேன்.
வெயிலில் அது ஏற்கெனவே பொரிந்துவிட்டது.

அதே தெருவில் இன்னொரு டேங்க் வேலை வந்தது.
மீராள் பீவி புதுப்படியின் மேல் ஏறி
இடுப்பில் கைவைத்து நின்றார்.
தள்ளி நில்லுங்க என்றேன்.
நீரு தள்ளிப் போரும் என்றார்.
நாலு விரல் இடைவெளியில் போனேன்.
எதிர்வீட்டுச் சுவரில் காயப்போட்ட வாப்பா சட்டை ஒன்று
பின்மூலை இருந்த இடத்தில்
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வெட்டிய முக்கோணங்கள் இரண்டும் பட்டறையில் கிடக்கின்றன.
ஒன்றின் மேல் மைதீன் பிச்சை டீ கிளாஸ் வைக்கிறார்.
போகும்போதெல்லாம் கேட்கிறார்:
ஒரு டயர் வெடிச்சா
இப்ப எத்தன நிக்கும் வே?
ஸ்டெப்னி இருக்கு என்கிறேன்.
அவர் கேட்டது அதை அல்ல.