எடை குறைப்பு

ஜுக்திதியில் மழை. கொட்டைக் கிடங்கின் மாடி அறை.
நள்ளிரவுக்குள் ஹாம்பர்க் போய்ச் சேரவேண்டிய கோப்பு
தொண்ணூற்று நான்கு எம்பி.
மின்னஞ்சல் இருபத்தைந்துக்கு மேல் தூக்காது.
மூன்று முறை அனுப்பினேன்.
மூன்று முறையும் வாசலிலேயே நின்று திரும்பியது.

கீழே உடைக்கும் எந்திரம் ஓடுகிறது.
நூறு கிலோ ஹேசல் கொட்டை போட்டால்
நாற்பத்திரண்டு கிலோ பருப்பு, மிச்சம் ஓடு.
அந்த ஓட்டை அடுப்பெரிக்க விற்கிறோம்.
இந்த ஓட்டை யார் வாங்குவார்?

முர்மான் கட்டிய கோப்பு.
போன மாதம் பத்துமிக்கு வேலை மாறிப் போனான்,
தேநீர்க் கோப்பையைக்கூட எடுக்காமல்.
பதினான்கு பிவட் அட்டவணைகள்.
ஊருக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று,
எதற்கென்றே தெரியாமல் இரண்டு.
பார்க்க உள்ளங்கை அகலம்தான்.
ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள்
அறுபதாயிரம் வரியையும் தனித்தனியே விழுங்கியிருக்கிறது.
ஒரே அறுவடையைப் பதினான்கு முறை சுமந்தால்
மூச்சு வாங்காமல் என்ன செய்யும்.

பத்து மணிக்குத் தொடங்கினேன்.
யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள்,
கடைசிப் பெயருக்குக் கீழே, ஒன்றுமில்லாத கட்டங்களுக்கு,
பத்து லட்சம் வரி ஆழம் வரை.
வெட்டினேன். எண்பத்தொன்று.
பிறகு ஒரு அட்டவணையைக் கலைத்து
அடுத்ததன் வயிற்றிலிருந்தே மறுபடி கட்டினேன்.
ஒரே உலை, பல தட்டு.
எழுபது. ஐம்பத்தெட்டு. நாற்பது.
குறைகிற எண்ணைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது.
தேநீர் ஆறிப்போனது தெரியவில்லை.

பதினோராவது, ஜ்வாரி ஊர்.
அதன் மொத்தம் மூலத் தாளோடு ஒட்டவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ கூடுதல்.

'புதுப்பி'யை அழுத்தினால் சரியாகிவிடும்.
விரல் போனது,
நின்றது.
மொத்தத்தின் மேல் இருமுறை சொடுக்கினேன்.
கட்டவிழ்ந்த மூட்டையாய்ப் புதுத் தாள் முழுக்கக் கொட்டின
தேதி, பெயர், எடை, ஈரம்.
நானூற்றாறாவது வரி:
இலாமாஸ் கர்தாவா. செப்டம்பர் பத்தொன்பது.
இருநூற்றுப் பன்னிரண்டு. பணம் தரவில்லை.

மூலத் தாளில் அந்த வரி கிடையாது.
அழித்த கை, இந்த ஒன்றைப் புதுப்பிக்க மறந்திருக்கிறது.
பூசணிக்காய் சோற்றுக்குள். காம்பு வெளியே.

அக்டோபரில் அவர் இந்த அறைக்கு வந்தார்.
நனைந்த தொப்பியைக் கீழே வைக்கவேயில்லை.
சீட்டு எங்குரி ஆற்றோடு போயிற்று,
ஆனால் எடை போட்டுக் கொடுத்தேன் என்றார்.
நான் திரையை அவர் பக்கம் திருப்பி
இல்லை என்றேன்.
ஜார்ஜியனில் ஒரு முறை, மெக்ரேலியனில் ஒரு முறை,
அவருக்குப் புரிய வேண்டுமே என்று.
'எனக்கு வாசிக்கத் தெரியும்' என்றார்.
பின்னால் முர்மான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான்.

திருட்டா, கைப்பிசகா, எனக்குத் தெரியாது.
திரையைத் திருப்பியது நான்.

பதினொன்று நாற்பது.
அந்த வரியை மூலத் தாளில் திரும்ப எழுதினேன்,
எழுத்து எழுத்தாக, ஒட்டாமல்.
பிறகுதான் புதுப்பித்தேன். மிச்சத்தையும் சேர்த்துக் கட்டினேன்.
ஆறு எம்பி.
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ ஏறியும்
ஒரு இம்மி கூடக் கனக்கவில்லை.

ஹாம்பர்க் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டது.

பழைய தொண்ணூற்று நான்கை அழிக்கவில்லை.
பென் டிரைவில் ஏற்றி
முர்மானின் கோப்பைக்குள் போட்டேன்.
டங் என்றது.
கர்தாவாவின் எண் பதிவேட்டில் இருக்கிறது, காலை ஏழுக்குப் பேசலாம்.
எந்த மொழியில் தொடங்குவது என்று
படிக்கட்டில் நின்றுகொண்டிருக்கிறேன்.
மழையில் ஓட்டுக் குவியல்
புகைகிற மாதிரி இருக்கிறது.