நாலு தேங்காய்த் துண்டு

இரணைப்பாலைக்குக் கண்ணிவெடி அகற்ற
நைஜீரியாவிலிருந்து வந்தவள் இயாபோ.
காலமை, முகக்கவசம் போடமுதல்
போத்தலைத் திறந்து மண்ணில் தண்ணீர் ஊற்றுவாள்,
தன்னுடைய செத்தவர்களைப் பெயர் பெயராய்க் கூப்பிட்டு.
ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் "அஷே" என்போம்.

ஆடி அமாவாசை அன்று
"இண்டைக்கு உங்கட ஆக்கள்" என்றாள்.
தவநிதி தமையனைச் சொன்னாள்.
டிரைவர் யோகன் ஏழு பேரைச் சொன்னான்,
ஏழாவதுக்குப் பெயர் வைத்திருக்கவில்லை,
"பிள்ளை" என்றான்.
அஷே.

என் முறை.
ஓமந்தையில் என் கையாலேயே ஒப்படைத்த மனிசனை
இந்த வரிசையில் எப்படி நிறுத்த?
பெயரைச் சொல்வது
அவருக்கு நானே திதி குறிப்பது.
ஊற்றிய தண்ணீர்
சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கமே காய்ந்தது.

கோலாக்கொட்டை கிடைக்காததால்
தேங்காயை நாலாய் வெட்டி வைத்திருந்தாள்.
எறிந்தால் வெள்ளையும் கறுப்புமாய் விழுந்து
முன்னோர் மறுமொழி சொல்வார்களாம்.
என் கையில் தந்தாள்.
எறியவில்லை.

"உன்ர பெயருக்கு என்ன கருத்து?"
"அம்மா திரும்பி வந்திட்டா."

பத்துமணித் தேத்தண்ணிக்கு
மூன்று துண்டைக் கடித்துத் தின்றோம்.
நாலாவது
சட்டைப் பைக்குள் கிடக்கிறது,
ஈரமாய்.