எதிர்ப்பரிவு

இரவு ஒன்பதே முக்காலுக்கு
பூம்பாறையிலிருந்து காய்கறி வண்டியில் வந்தான்.
பூண்டு மூட்டைகளுக்கு நடுவே
மனைவி மடியில் தலை.
வாயில் நுரை, கண்ணில் நீர், மூக்கில் நீர்.
வேட்டியும் நனைந்திருந்தது.
பல் கிட்டும் குளிரில்
நெற்றி வியர்த்துக் கொட்டியது.
உடம்பின் எல்லா மதகுகளையும்
யாரோ ஒரே நேரத்தில் திறந்துவிட்டிருந்தார்கள்.

டார்ச் அடித்தேன்.
கண்மணி கடுகு.
கடுகுகூட இல்லை, ஊசி குத்திய இடம்.
நாடி நாற்பத்திரண்டு.
"லைட்டைப் போடுங்க சிஸ்டர்" என்றான்,
குழல்விளக்குக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு.

கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் இருக்கிறது:
தெளிக்கும்போது பட்டதா, குடித்ததா.
நாச்சம்மா சொன்னாள்,
"மருந்தடிக்கப் போனாரு. காத்து திரும்பிருச்சு."
பூண்டு விலையை நான் கேட்கவில்லை.
அந்த வாரம் அது மலைக்கே தெரிந்திருந்தது.
கட்டத்தில் எழுதினேன்: காற்று.

நர்சிங் படிக்கையில் உருப்போட்டது:
பரிவு நரம்பு ஓடச் சொல்லும்,
எதிர்ப்பரிவு நரம்பு உட்காரச் சொல்லும்.
"ஓடச் சொல்றதா மிஸ் பரிவு?" என்று
கடைசி பெஞ்சில் ஜெபமணி கேட்டாள்.
அன்று முழுக்க வராந்தாவில் நின்றாள்.
எச்சில் ஊற, சோறு செரிக்க, இதயம் இளைப்பாறச்
சொல்லி அனுப்புவது எதிர்ப்பரிவுதான்.
ஆனால் சொன்ன சொல்
சொன்ன கணமே அழிய வேண்டும்.
அழிக்க ஒரு நொதி உண்டு.
அதன் கையைத்தான் பூண்டு மருந்து கட்டிப்போடுகிறது.

வத்தலகுண்டு ரோட்டில்
கொண்டை ஊசி வளைவில் அமுக்கிய ஹார்ன்
மேலே எழும்பாமல் மாட்டிக்கொண்டால்?
அப்படி.
இளைப்பாறு, இளைப்பாறு, இளைப்பாறு,
இதயம் நிற்கிற வரைக்கும்.

டாக்டர் ரெஹானா "அட்ரோபின்" என்றார்.
"மருந்தடிச்சவருக்கு மருந்தா?" என்றாள் நாச்சம்மா.
அவளுக்கு இருப்பது அந்த ஒரு சொல்தான்.
எனக்கும்.
மூன்று ஆம்பூல்.
ஐந்து நிமிடம். நெஞ்சில் இன்னும் கரகரப்பு.
ஆறு.
பன்னிரண்டு.
ஹார்னை அது நிறுத்தாது,
கேட்கிற காதில் பஞ்சு வைக்கும், அவ்வளவுதான்.
தொடைச் சதை மட்டும் தோலுக்கடியில்
புழு நெளிவதுபோல் துடித்துக்கொண்டே இருந்தது.
அந்தப் பூட்டுக்கு இந்தச் சாவி சேராது.
அதற்கான மருந்து திண்டுக்கல்லிலிருந்து ஏறி வந்து
பெருமாள்மலைப் பனிமூட்டத்தில் நின்றிருந்தது.

உடைத்த கண்ணாடிக் கழுத்துகள்
ட்ரேயில் குவிந்தன.
நாச்சம்மா எண்ணிக்கொண்டிருந்தாள்.
"இதெல்லாம் எவ்வளவு சிஸ்டர்?"
"காசில்லைம்மா. கவர்மென்ட்டுது."
எண்ணுவதை அவள் நிறுத்தவில்லை.

இரண்டரைக்கு நெஞ்சு தெளிந்தது.
அக்குள் காய்ந்தது.
நாடி நூறு.
"நாக்கு ஒட்டுது" என்றான்.
பதினாறு வருட வேலையில்
ஒருவர் தாகத்துக்கு நான் சந்தோஷப்படுவது
இதில் மட்டும்தான்.

பிறகு அளவு கொஞ்சம் மீறிற்று.
முகம் சிவந்து, கண்மணி நாவல்பழமாக விரிந்து
போர்வையிலிருந்து
இல்லாத பூண்டைப் பிடுங்கத் தொடங்கினான் குழந்தைவேல்.
வேர்மண் உதறினான். சருகு உரித்தான்.
ஒரு கட்டை என்னிடம் நீட்டி
"கிலோ முந்நூறு. குறைக்க மாட்டேன்" என்றான்.
அப்போதுதான் நாச்சம்மா அழுதாள்.
நான் வாங்கிக்கொண்டேன்.

விடியும்போது வாஷ்பேசின் கண்ணாடியில்
என் வலது கண்மணி சிறுத்திருந்தது.
அவன் சட்டையை வெட்டி எடுத்தபோது
கையுறையோடு கண்ணைத் தேய்த்திருக்கிறேன் போல.
வெளியே ஓடையோரம்
மர ஊமத்தைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கின.
ஆடுகூட வாய் வைக்காத செடி.
இரவெல்லாம் நான் ஏற்றியதற்கு
அதன் சாறு பங்காளி முறை.
இடது கண்ணை மூடினால் பூக்கள் மங்கல்.
வலதை மூடினால் கூசுகிற வெள்ளை.

இரண்டையும் திறந்துகொண்டு
பகல் டூட்டிக்காரியிடம் சொன்னேன்:
"நாலாம் பெட். சொட்டு வேகத்தைக் குறைச்சிருக்கு.
கையைக் கட்டிராதீங்க.
அறுவடை இன்னும் முடியல."