தேயிலை வடி

வாயில் பொத்தி ஊதினேன்.
மருதமுனைத் தறித்துணி
மூச்சை மறிக்கவில்லை;
மறுபக்கம் ஏந்தியிருந்த
சிஹாராவின் உள்ளங்கைக்கே போய்ச் சேர்ந்தது.
"இது பட்டமில்ல, தேயிலை வடி" என்றாள்.

கஞ்சி போட்டோம்.
இரவுக் கடற்காற்றில் நமத்துப்போனது,
ஓரத்தைக் கரப்பான் தின்றது.

பிறகு ஹாட்வெயார் சிலிக்கன்.
மண்ணெண்ணெயில் கரைத்து
காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்தோம்.
பக்கத்து வீட்டார்
எங்கள் கறியைச் சந்தேகித்தார்கள்.

திரும்ப ஊதினேன்.
கன்னம்தான் வீங்கியது.
அவள் கையில் ஒன்றுமேயில்லை.

கச்சான் கடல்பக்கம் தள்ளும் பின்னேரம்,
இரட்டை நூல்.
எழும்பிய வேகத்தில்
அவளை முழங்காலில் இழுத்துக்கொண்டு போய்
தோணிக்குப் பக்கத்தில்
தலைகுத்தி,
டப்.
தூண்டில் கம்பு இரண்டு துண்டு.

நடுப்பகுதியைப் பிரித்து
சிலிக்கன் படாத மிச்சத் துணியை வைத்துத் தைத்தேன்.
அதே வடி.

இந்த முறை கொஞ்சம் காற்றை விட்டது,
கொஞ்சத்தை வைத்துக்கொண்டது.
எட்டுப் போட்டது.
இறக்கை நுனியால் ஈரமணலைக் கீறிவிட்டு
எழும்பியது.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லியும்
சிஹாரா எனக்கு நூல் தரவில்லை.
இரவுச் சோற்றிலும்
மண்ணெண்ணெய் மணந்தது.