நாலரைக்கு ஒன்று

வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து.
கண்ணுக்குக் குளிர்ச்சி என்றேன்;
தாலின் அலுவலகமே தலையாட்டியது.
அளவுமானி மட்டும்
இரண்டே கால் என்று முனகியது.

பிப்ரவரி. ரோஹுகுலா படகுத்துறை.
மைனஸ் பன்னிரண்டு:
இதுவும் குளிர்ச்சிதான்.
உறைந்த கடலெங்கும் வெயில் தெறிக்க
கண்புரையை இன்னும் எடுக்காத ஹெல்யு
போனை மூக்கில் ஒட்டிக்கொண்டு கேட்டாள்:
"ஏழு நாற்பது படகு வருமா?"

வாங்கிப் பார்த்தேன்.
கையால் மறைத்துப் பார்த்தேன்.
நான் செய்த பக்கம்
எனக்கே பனி.

காத்திருப்பு அறை.
கையுறையைப் பல்லால் உருவி
மடிக்கணினியில் தட்டினேன்:
ஏழு ஆறு, ஏழு ஆறு, ஏழு ஆறு.
நாலரை. விதிக்கு இது போதும்.
ஜன்னலில் வெயில் நின்றது.
இன்னும் கறுப்பாக்கினேன்.

எதிர் நாற்காலியிலிருந்தே
ஹெல்யு திட்டினாள்:
"ரத்தா!"